பூனையின் மருந்தும் நமது பொறுப்பும்

கம்போங் ராஜாவில் மளிகைக் கடை நடத்திவரும் நம்மவர் ஒருவர் சங்கத்துக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். அவருடைய கடைப் பூனைக்குச் சர்க்கரை வியாதி கண்டிருக்கிறது. அத்துடன் கோழியும் மீனும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. தின்றால் காதையும் கழுத்தையும் புண்ணாகும்வரை சொறிந்துகொள்கிறது. சில நாள் வாந்தியும் எடுக்கிறது. ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடவேண்டும் என்று சொன்ன மிருக வைத்தியர் கைவசமிருந்த மருந்தை எடுத்து வைத்தார். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதை வாங்கலாமா, வாங்காமல் பூனையைச் சாகவிடலாமா, வேறு மருந்து தேடிப் பணத்தைச் செலவிடுவது வீண்விரயமாகுமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறார்.

இதைப் படித்ததும் சிலர் சிரிக்கக்கூடும். தோட்டத்து லயங்களில் மனிதருக்கே வைத்தியம் எட்டாதிருந்த காலத்தை அறிந்த பெரியவர்கள், பூனைக்கு ஊசியா என்று முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் கேள்வி சிறியதல்ல. தன் நோவை வாய்விட்டுச் சொல்லமுடியாத, தனக்கு இன்னது வேண்டும் என்று கேட்கமுடியாத ஓர் உயிருக்காக நாம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் தேர்வு நேர்மையானதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? விஷயம் இதுதான். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நமது வேலையல்ல. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்திருப்பதையும், வைத்திய சாஸ்திரம் இன்று சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் நோய். நம் வீடுகளுக்கு இது புதிய விருந்தாளி அல்ல. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. பெட்டியடியில் உட்கார்ந்தால் இரவுவரை எழுந்திராத நம் வர்த்தக சமூகத்துக்கு அதிலுள்ள பங்கைச் சொல்லத் தேவையில்லை. பூனைக்கு வரும் நீரிழிவும் பெரும்பாலும் நம்முடையதைப் போன்றதே. வயதும் பருமனும் அசையாத வாழ்வும் அதற்கு வழி வகுக்கின்றன. காயடிக்கப்பட்ட கடுவன்களுக்கு அதிகம் வருகிறது. நோய் கண்ட பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். ஓயாமல் நீர் கழிக்கும். வயிறு புடைக்கத் தின்றும் மெலியும். முற்றினால் பின்கால்கள் தளர்ந்து, குதிகால் தரையில் பட நடக்கும்.

தின்றும் மெலியும் என்ற அந்த ஒன்றை நன்கு கவனிக்கவேண்டும். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது. அது உடலின் அணுக்களுக்குள் நுழைய வேண்டும். அந்தக் கதவைத் திறந்துவிடுவதே இன்சுலின். லாரி லாரியாகச் சரக்கு வந்து வாசலில் இறங்கியும், கிட்டங்கியின் சாவி தொலைந்துபோனால் உள்ளே ஒரு மூட்டையும் போகாது. தெருவில் கிடந்து நனையும். அப்படித்தான் சர்க்கரை இரத்தத்திலேயே கிடந்து மூத்திரத்தோடு போய்விடுகிறது. உடலோ பட்டினி கிடந்து, தன் சொந்தக் கொழுப்பையே எரித்துத் தின்னத் தொடங்குகிறது. அதனால் இரத்தத்தில் நச்சு அமிலம் சேர்ந்து உயிரைக் கொண்டுபோகிறது. ஆகவே, இன்சுலின் அற்றுப்போன பூனைக்குத் தட்டு நிறைய இறைச்சி வைப்பவர் அதற்குத் தீனி போட்டவர் ஆகமாட்டார். இந்த இடத்துக்கு நாம் மறுபடியும் வருவோம்.

இனி இந்தப் பூனையின் தனிச் சங்கடம். பூனை புலால் தின்னவே படைக்கப்பட்ட பிராணி. மாவுச்சத்து அதற்குத் தேவைப்படுவதில்லை. நம் கடைகளிலோ சோற்றில் மீனைப் பிசைந்து வைப்பதே வழக்கம். இதற்குச் சோறு சர்க்கரையை ஏற்றும், மீன் சொறியைக் கொடுக்கும். நீரிழிவுப் பூனைக்கென்று விற்கும் தீனிகள் மாவுச்சத்துக் குறைந்தவைதாம். ஆனால் அவற்றில் கோழியோ மீனோ கலந்திருப்பது சாதாரணம். ஒவ்வாமைக்கென்று விற்கும் தீனிகளில், உடல் அடையாளம் கண்டு சண்டைக்குப் போகாதபடி புரதத்தைச் சிறு சிறு துணுக்குகளாகச் சிதைத்திருப்பார்கள். ஆனால் அந்த உலர்ந்த தீனியை அரிசி மாவும் சோள மாவும் கொண்டு கட்டியிருப்பார்கள். ஒரு வியாதிக்கு இதமானது மற்றதற்குப் பகையாகிறது.

மருந்திலும் இதே கதை. சொறிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும்; இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். பல நாள் நின்று வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொண்ட பூனைக்கு அதனாலேயே நீரிழிவு வந்துவிடுவதும் உண்டு. ஆகவே ‘ஒரு ஊசி போட்டால் சொறி நின்றுவிடும்’ என்ற சுலப வழி இந்தப் பூனைக்கு அடைபட்டது. எஞ்சியிருப்பது பத்தியம். அதுவரை அந்தப் பூனை தின்றறியாத ஒரே ஓர் இறைச்சி, வாத்தோ முயலோ மானோ, மாவு சேராத ஈரத் தீனியாக டப்பாவில் கிடைக்கிறது. அதை மட்டுமே எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். கடைக்கு வருபவர் போடும் ஒரு பிஸ்கட் துண்டுகூட வாயில் படக்கூடாது. எட்டு வாரமும் கடைப் பையன்கள் காவல் காப்பார்களா என்பது வேறு விஷயம்! டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்மவர்கள் படித்து வாங்கவேண்டும். அபூர்வ இறைச்சி என்ற பெயரில் பன்றி இறைச்சியும், மற்றத் தீனிகளில் பன்றி ஈரலும் சேர்ந்திருப்பது உண்டு. வீட்டிலேயே வாத்திறைச்சியை வேகவைத்துப் போட்டுவிடலாமே என்றால், சில நாளைக்குச் சரி. மாதக் கணக்கில் வெறும் இறைச்சி போதாது. சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்ற சத்தும் அதில் குறையும். டாரின் குறைந்தால் பூனையின் இருதயம் தளர்ந்துவிடும் என்று 1987இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். வைத்தியரிடம் கேட்டுச் சேர்க்கவேண்டியவற்றைச் சேர்த்துத்தான் சமைக்கவேண்டும்.

இந்த உணவுச் சிக்கல் ஊசியோடும் பிணைந்து நிற்கிறது. வாந்தியெடுத்து உண்ணாமல் கிடக்கும் பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலினை ஏற்றிவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, தள்ளாடி, வலிப்புக் கண்டு மாண்டுபோகும். முதலில் உண்டதா என்று பார்த்து, பிறகே ஊசி. உண்ணாவிட்டால் வைத்தியரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளவேண்டும். இவ்வளவு கவனத்தையும் ஒரு மளிகைக் கடைக்காரர் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டால், மருந்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தார்கள். அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்னும் பல நாய்களைக் கொண்டு சோதித்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அந்த மருந்து மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. மருந்தின் வீரியத்தை அளக்க முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். யூனிட் என்று நாம் இன்று சொல்லும் அளவுக்கு அடிப்படை அந்த முயல்கள்தாம். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். வியாபாரிகளாகிய நாம் அதைப் படித்து வியக்கிறோம். ஆனால் அந்த நாய்களுக்கும் முயல்களுக்கும் ஒரு டாலரும் போகவில்லை. நமது வாப்பாக்களும் உம்மாக்களும் உயிரோடிருக்கப் பிராணிகள் கொடுத்த விலை அது. அதே மருந்து ஒரு பிராணிக்கு வேண்டியிருக்கிறது என்றால், ‘பூனைக்கு ஊசியா?’ என்ற சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரக்கூடாது.

சுமார் அறுபது ஆண்டுகள் இன்சுலின் என்றால் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்ததே. 1978இல் மனித இன்சுலினை நுண்கிருமிகளைக் கொண்டு உண்டாக்கும் வழி கண்டு, 1982இல் அது விற்பனைக்கு வந்தது. இன்சுலின் என்பது 51 மணிகள் கோத்த மாலை போன்றது. பன்றியின் மாலையில் ஒரே ஒரு மணிதான் மனிதனுடையதற்கு வேறு, மாட்டினுடையதில் மூன்று. பூனையினுடையதோ மாட்டினுடையதற்கு ஒரே மணி வித்தியாசம், பன்றியினுடையதற்கு மூன்று, மனிதனுடையதற்கு நான்கு. ஆகப் பூனைக்கு மிக நெருங்கியது மாட்டு இன்சுலின். அது கிடைத்தால் நம்மவருடைய கேள்வி பாதி எளிதாகியிருக்கும். ஆனால் மனித வைத்தியத்தில் பெரும்பாலும் வழக்கொழிந்துபோகவே, கம்பெனிகள் அதைச் செய்வதை விட்டுவிட்டன. சந்தையில் ஆள் வாங்காத சரக்கு கடையில் நிற்காது. மருந்துக்கும் அதே விதி.

இன்று பூனைக்கென்று வைத்தியர்கள் கையாளுபவை முக்கியமாக மூன்று. கேனின்சுலின் என்பது பன்றியிலிருந்து எடுத்தது. நாய்க்கும் பூனைக்குமென்றே பல நாடுகளில் விற்பது. புரோசிங்க் என்பது 2009இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்டது. நுண்கிருமி வழியில் உண்டாக்கிய மனித இன்சுலின். மூன்றாவது கிளார்ஜின், மனிதருக்கென்று 2000ஆம் ஆண்டில் வந்தது, அதுவும் பன்றியிலிருந்து எடுப்பதல்ல. ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் புதிதாக நோய் கண்ட 24 பூனைகளை எட்டெட்டாகப் பிரித்து, மாவுச்சத்துக் குறைந்த உணவோடு மூன்று வகை இன்சுலினையும் கொடுத்துப் பார்த்து, முடிவை 2009இல் வெளியிட்டார்கள். கிளார்ஜின் பெற்ற எட்டும் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் தேறின. கேனின்சுலின் வகையைப் பெற்றவற்றில் இரண்டுதான். பூனைகளின் தொகை சிறியது. இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பன்றி மருந்தை விட்டால் வேறு நல்ல மருந்தில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை என்பது மட்டும் தெளிவு. 2022இலும் 2023இலும் அமெரிக்காவில் பூனைகளுக்கு வாய்வழி மருந்துகள் இரண்டு அனுமதிக்கப்பட்டன. ஊசியே போட்டறியாத, நன்றாக உண்ணும் பூனைகளுக்கு உரியவை அவை. அடிக்கடி வாந்தியெடுக்கும் பூனைக்கு அவற்றைத் தொடங்குவது ஆபத்து.

இனி ஹலால், ஹராம் விஷயம். பூனைக்கு மார்க்கக் கட்டளை எதுவுமில்லை. அது எலியைத் தின்கிறது. செத்த பல்லியைத் தின்கிறது. எவரும் அதைக் குற்றம் சொல்வதில்லை. கேள்வி ஊசியைப் பிடிக்கும் கையைப் பற்றியது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘அல்மஜ்மூஉ’ என்ற பெருநூலில், நஜீஸ் பட்ட உணவைப் பிராணிகளுக்குப் போடுவதையும், செத்ததை நாய்க்கும் வேட்டைப் பறவைக்கும் போடுவதையும் அனுமதிக்கிறார்கள். ஹனபி நூல்களில் ஒரு நுட்பம் காண்கிறோம். செத்ததைப் பூனையிடம் எடுத்துச் செல்லாமல், பூனையைச் செத்தது கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவேண்டுமாம்! தின்பது பூனையின் காரியம். சுமப்பது நம் காரியம். இரண்டையும் அவர்கள் எவ்வளவு சரியாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். ஷாபி மத்ஹபில் நஜீஸை விலைக்கு வாங்குவதில் வேறொரு முடிச்சும் உண்டு. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றிய நம்மவர்களுக்கு அது தெரிந்த விஷயம். எருவை விற்பது என்று சொல்லாமல், உடையவர் தம் கைவசமுள்ளதை விட்டுக்கொடுப்பதற்குப் பணம் பெறுகிறார் என்று ஆலிம்கள் வழி காட்டியிருக்கிறார்கள். வேறு மருந்து கிடைக்காத நாளில் எப்படி நடப்பது என்று கேட்பவருக்கு ஆலிமிடம் வழி இருக்கும்.

நிர்ப்பந்தம் மனிதனுக்கு மட்டும்தானே என்று ஒருவர் கேட்கலாம். நமது சட்ட நூல்களின் முதல் பாடமே இதற்குப் பதில் சொல்கிறது. பிரயாணத்தில் ஒருவரிடம் ஒளுச் செய்யும் அளவுக்கே தண்ணீர் இருக்கிறது. உடன் ஒரு பிராணி தாகத்தால் தவிக்கிறது. தண்ணீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டு அவர் தயம்மும் செய்துகொள்ளவேண்டும். தொழுகைக்கான தண்ணீரே ஓர் உயிரின் தாகத்துக்கு வழிவிடுகிறதென்றால், உயிரைக் காப்பது என்ற காரணம் பிராணிக்கு இல்லை என்று நாம் சொல்லமுடியாது. ஆயினும் நிர்ப்பந்தம் என்பது வேறு வழி இல்லாதபோதுதான். மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு, மாற்று அரிதாயிருந்த 1980களில் பன்றி இன்சுலினை நோயாளிகளுக்கு நிர்ப்பந்தத்தின் பேரில் அனுமதித்தது. அதே குழு 2009இல், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் பன்றிவழி ஊசிமருந்துகள் இரண்டை, மாற்று மருந்து இருப்பதைக் காரணம் காட்டி விலக்கியது. ஆகவே கம்போங் ராஜா அன்பர் முதலில் செய்யவேண்டியது, கிளார்ஜினோ புரோசிங்கோ எழுதித் தரும்படி அந்த வைத்தியரையே கேட்பது. நம்மவர்கள் பலருக்கு வைத்தியரிடம் வாய் திறந்து கேட்பதில்தான் கூச்சம். மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுவதில் அந்தக் கூச்சத்தைக் காணோம்.

ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. ‘பன்றி மருந்து, தொடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் வேறு எந்த மருந்தையும் வாங்காமல் இருந்துவிட்டால், அங்கே பேசுவது பேணுதலா, பணப்பெட்டியா? பேணுதல் என்றால் அதன் விலையைப் பேணுபவர்தாம் கொடுக்கவேண்டும். அவர் பேணிக்கொள்ள, பூனை உயிரைக் கொடுப்பது என்ன கணக்கு? அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருப்பதை வியாபாரிகளுக்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை. தராசைப் பார்க்கத் தெரிந்த வாடிக்கைக்காரரிடம் எல்லோரும் யோக்கியர்கள்தாம். கண் தெரியாதவரும் சிறு பிள்ளையும் வரும்போது நம் கை எப்படி இருக்கிறது என்பதே சோதனை. பூனை அந்த வரிசையிலும் கடைசியில் நிற்கிறது. குறைத்துக் கொடுத்தாலும் அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லாது. யதீமின் சொத்தைப் பராமரிப்பவர் தமக்குச் சாதகமாக முடியும் ஒவ்வொரு முடிவையும் இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பதுபோல, செலவைக் குறைக்கும் ஒவ்வொரு நியாயத்தையும் நாமும் திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கடமை என்று சொல்லக்கூடிய அளவுக்கு இது வருமா? பிராணியை உடையவர் அதற்குத் தீனி போடவேண்டும், மறுத்தால் காஜி அவரை நிர்ப்பந்திக்கலாம் என்பது நூல்களில் தெளிவாக இருக்கிறது. 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளின் உரிமைகளை வரிசையாக எழுதியபோது, கிழடு தட்டியோ நோயுற்றோ இனி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆன பிராணிக்கும் செலவிடவேண்டும் என்பதைச் சேர்த்தே எழுதினார்கள். அரிசி மூட்டைகளை எத்தனையோ வருஷம் எலியிடமிருந்து காத்த பூனைக்கு நம் பேரேட்டில் ஒரு பக்கமும் கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பழைய நூல்களில் தீனியும் தண்ணீரும் பேசப்பட்ட அளவுக்கு மருந்து பேசப்படவில்லை என்பது மெய். அக்காலத்து மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இன்சுலின் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. உண்ட உணவு உணவாகவேண்டுமானால் அது இருந்தே தீரவேண்டும் என்று மேலே பார்த்தோம். இந்தப் பூனைக்கு அது தீனியின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அறியாதவர் இல்லை. அவள் தீனியும் போடவில்லை; தானே தேடித் தின்ன விடவுமில்லை. இரண்டு வழிகள் அங்கே சொல்லப்படுகின்றன. நம்மவர்களில் சிலர் இரண்டாம் வழியைப் பிடித்துக்கொண்டு, பூனையைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பார்கள். ஆரோக்கியமான பூனைக்கு அது ஒருவேளை விடுதலை. இரண்டு வேளை ஊசியும் ஒரே இறைச்சியும் இல்லாமல் வாழமுடியாத பூனைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதைத் தெருவில் விடுவதும் கட்டிவைப்பதும் ஒன்றே. மலேசியாவின் 2015ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டமும், வளர்ப்பவர் தம் பிராணியை நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் காக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. கொன்றுவிடலாமே என்பவர்களும் உண்டு. ஷாபி மத்ஹபின் பிற்கால நூல்கள், உண்ணப்படாத பிராணியை வேதனை தீர்ப்பதற்கென்று கொல்வதற்குக்கூட இடம் தரவில்லை. இக்கால ஆலிம்களில் சிலர் தீராத கொடும் வேதனையில் மட்டும் அனுமதிக்கிறார்கள். ஊசி போட்டால் படியில் ஏறி வெயில் காயும் பூனை அந்த நிலையில் இல்லை.

மனிதருக்கு இல்லாதபோது பூனைக்கா என்ற வாதத்தை நாம் லேசாகத் தள்ளவில்லை. ஜகாத் பணத்திலிருந்து ஒரு காசும் இதற்குப் போகக்கூடாது. கடைப் பையனின் சம்பளத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பூனைக்கு மருந்து வாங்குபவர் இரண்டு பொறுப்பையும் கெடுக்கிறார். ஆனால் நடைமுறையில் பூனையின் ஊசி ஏழையின் ஊசியோடு போட்டியிடுவதைக் காண்பது அரிது. அது போட்டியிடுவது நாம் மாற்ற நினைக்கும் கைப்பேசியோடும், கல்யாணத்தில் மிஞ்சிக் கொட்டப்படும் பிரியாணியோடும். அங்கே வீண்விரயம் என்ற சொல் நம் வாயில் வருவதில்லை. மெய்யாகவே வசதியற்றவருக்கு நூல்கள் வேறு வழி சொல்கின்றன. உடையவருக்கு இயலாவிட்டால் பைத்துல்மால், அதுவும் இல்லாவிட்டால் முஸ்லிம்கள் என்று பிராணியின் தீனிச் சுமை கைமாறுகிறது. சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கிக் கொடுப்பதை யாரும் கேலி செய்யவேண்டியதில்லை.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். நம் வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவற்றில் வாப்பாவுடைய இன்சுலின் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கி வந்தது. அதில் கொஞ்சம் பூனைக்கு எடுத்தால் என்ன என்று தோன்றும். எடுக்கக்கூடாது. அது இன்ன நோயாளிக்கென்று பெயரெழுதிக் கொடுக்கப்பட்ட அமானத்து; பொது ஜனங்களின் வரிப்பணம். சொந்தப் பணத்தில், பூனையின் பெயரில் சீட்டு எழுதி வாங்கவேண்டும். வைத்திய ரீதியிலும் அதில் ஆபத்துண்டு. மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வகைகளில் சில பூனைக்குச் சீக்கிரமே தேய்ந்துபோகின்றன. அளவும் வேறு. வாப்பாவுக்கு இருபது, முப்பது யூனிட் என்றால், பூனைக்குத் தொடக்கத்தில் ஒரு யூனிட் அளவுதான்.

அளவு என்றதும் தராசுக்காரர்களாகிய நாம் நிமிர்ந்து உட்காரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கேனின்சுலினும் புரோசிங்கும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை. கிளார்ஜினில் சாதாரணமாகக் கிடைப்பது 100. ஒவ்வொன்றுக்கும் ஊசிக்குழல் வேறு, கோடுகள் வேறு. நாற்பதுக்கான குழலில் நூறின் மருந்தை ஒரு யூனிட் கோடுவரை இழுத்தால் பூனைக்குப் போவது இரண்டரை யூனிட். மாற்றி இழுத்தால் பாதிக்கும் குறைவு. மருந்தை மாற்றும் அன்றே பழைய குழல்களைக் கடையை விட்டு அகற்றிவிடவேண்டும். கிளார்ஜினைத் தண்ணீர் கலந்து நீர்க்கவும் கூடாது.

வேளை நமக்குச் சாதகமாகவே அமைகிறது. காலை ஏழுக்குக் கடை திறக்கும்போது ஒன்று, மாலை ஏழுக்கு மஃரிபை ஒட்டி ஒன்று. இந்நாட்டில் மஃரிப் வருஷம் முழுவதும் அதிகம் நகர்வதில்லை. முதலாளி ஊருக்குப் போகும் மாதத்துக்காகக் கடையில் இன்னொருவரும் ஊசி போடப் பழகியிருக்கவேண்டும். தள்ளாட்டம் கண்டால் ஈறில் தடவுவதற்குக் கொஞ்சம் தேன் பெட்டியடியிலேயே இருக்கட்டும். தடவிய கையோடு வைத்தியரைக் கூப்பிடவேண்டும். கம்போங் ராஜா குளிர்ந்த ஊர்தான் என்று திறக்காத புட்டியை அலமாரியில் வைக்கவேண்டாம். அந்தக் குளிர் போதாது. 2 முதல் 8 டிகிரிவரை உள்ள குளிர்பெட்டியில், உறையும் தட்டுக்கு எட்டாமல் இருக்கவேண்டும். சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரியும் மழைக்காலம் வருமுன் ஒரு புட்டியும் ஒரு பெட்டித் தீனியும் கூடுதலாக வாங்கி மேலே ஏற்றிவிடுவது நல்லது.